மாலை போட்ட வீட்டில் அழுகண்ணி

கார்த்திகை பிறந்து என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்ட வாரமே, என் செடியை அடுப்படியை விட்டு வெளியேற்றவும் நாள் குறித்துவிட்டார்கள்.

செடியின் பெயர் அழுகண்ணி. இலையெல்லாம் பசைத்துளி மினுங்கும். கொசுவோ ஈயோ உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். இலை மெல்லச் சுருண்டு அதைத் தின்னும். பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலில் வைத்திருந்தேன். அது இரண்டாவது செடி. முதலாவதைக் கொன்றவர் என் வீட்டுக்காரர். உரக்கடை வைத்திருப்பவர். பூக்கவில்லையே என்று நான் புலம்பியதைக் கேட்டு, பாசத்தோடு ஒரு சிட்டிகை காம்ப்ளக்ஸ் உரம் போட்டார். மூன்றே நாளில் கருகிவிட்டது. இதற்கு உரமும் ஆகாது, எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பும் ஆகாது என்பதை அப்புறம்தான் நம்பினார்.

இரண்டாவதற்கு மழைத் தண்ணீரை மட்டும் பிடித்து வைத்து ஊற்றினேன். மேகம் மூடிய நாட்களில் மேலே எல்இடி லைட் கட்டினேன். கார்த்திகை முதல் வாரம், நடுவிலிருந்து சுருண்ட தலையோடு ஒரு பூக்காம்பு எழுந்தது. கத்திவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதற்குள் என் மாமியார் வந்து நின்றார்.

“ஏத்தா, இது பூச்சி திங்கிற செடியாமுல்ல? மாலை போட்ட வீட்டுல, அடுப்படில கவிச்சியா? மாடில கொண்டுபோய் வையி.”

மாடியில் அடைமழை பசையைக் கழுவிவிடும், காற்று காம்பை முறித்துவிடும். முடியாது என்றேன்.

“பொழுது சாஞ்சா கரண்டு பேட்ட எடுத்து பட்டு பட்டுன்னு கொசு அடிக்கிறீகளே அத்தே, அது மட்டும் சைவமா?”

மாலை போட்டவரை வீட்டில் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். சாமி குனிந்து சிரிப்பை அடக்கினார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும். விடியுமுன் எழுந்து குளித்து, விரதச் சமையல் மொத்தமும் அந்த அடுப்படியில் நான்தான் பொங்குகிறேன். அதில் ஒரு சாண் ஜன்னல் எனக்கென்று இருக்கக் கூடாதா? செடி அங்கேயேதான் இருந்தது.

வீட்டில் ஐயப்ப பூஜை வைத்த அன்று காலை முதல் மொட்டு விரிந்தது. விரல் நகம் அளவுதான். இளஞ்சிவப்பில் ஐந்து இதழ்கள். ஒரே நாள்தான், அதுவும் வெளிச்சம் நன்றாக இருக்கும்வரைதான் திறந்திருக்கும். பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அத்தை பூத்தட்டோடு உள்ளே வந்தார். இத்தனை நாள் பேசாதவர் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

“அடி ஆத்தி, பூத்துருச்சா! நல்ல நாளாப் பாத்துப் பூத்திருக்கு. சாமி படத்துக்கு வச்சிருவோம்.”

கை நீண்டது. நான் குறுக்கே போய் நின்றேன்.

“தொடாதீக அத்தே. இது நான் பாக்கணும்னு வளத்தது.”

நீட்டிய கையோடு என்னையே பார்த்தார். நான் நகரவில்லை. கூடத்தில் சரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பூ மதியம் தாண்டும்வரை விரிந்திருந்து, செடியிலேயே மூடிக்கொண்டது.