வட்டுக்குப் பொட்டு வைத்தவர்

திங்கட்கிழமை காலை திருத்தணி ரயில் நிலையத்தில், பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பத்மாவதி வரவில்லை. அவர் வண்டியைத் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை; தவறவிடுவது என் வேலை. வண்டி கிளம்பும் நேரத்தில் அவருடைய தங்கையின் கணவர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். "வதின காலைல எழுந்திருக்கலம்மா," என்றார். மனைவியின் அக்காவை அவர்கள் வீட்டில் வதின என்றுதான் அழைப்பார்கள். தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது நாற்பத்திரண்டு. வண்டி போய்விட்டது. நான் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

பத்மாவதி பள்ளிப்பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். கணிதம் படித்தவர். திருமணமான இரண்டாம் ஆண்டே கணவரை இழந்து, திருத்தணியில் இருந்த தங்கை வீட்டுக்கு வந்துசேர்ந்தார். சென்னையில் கணினி செய்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே வயது, ஒரே ஊர், ஒரே ரயில். ஆனாலும் கடைசிவரை 'நீங்க' என்றுதான் பேசிக்கொண்டோம்.

ரயிலில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. மணவூர் வரும்வரை பேசக்கூடாது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் கணினி நிரல் அச்சிட்ட நீளக் காகிதத்தை விரித்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வருவார். மணவூர் வந்ததும் காகிதத்தை மடித்துவிட்டு, "சொல்லுங்க இந்திரா, என்னா சமாசாரம்?" என்பார். அதுவரை வாயைக் கட்டிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

திருத்தணியில் ஒரு சிறிய கண் மருத்துவமனை எங்கள் கணினியை வாங்கியது. ஒரு கண்ணில் அறுவை முடிந்து, மறு கண்ணுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் அங்கே பழைய கணினி ஒன்றின் பிளாப்பி வட்டுகளில் இருந்தது. யார், எந்த ஊர், எந்தக் கண் என்று எல்லாம் அதில்தான். பழைய கணினி இறந்துபோயிருந்தது. புதியதில் அந்த வட்டைப் போட்டால், இது வெற்று வட்டு என்று சாதித்தது. கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்கும் ஒழுங்கு கணினிக்குக் கணினி வேறு. எங்கள் கணினியின் கர்னல், அதாவது எல்லா வேலையையும் நடுவிலிருந்து நடத்தும் நிரல், தன்னுடைய ஒழுங்கை மட்டுமே அறியும்.

"எல்லாத்தையும் திரும்ப டைப் பண்ணிடச் சொல்லுங்க," என்றார் எங்கள் மேலாளர். எதைப் பார்த்து டைப் செய்வது? காகிதப் பதிவேடுகளைக் கரையான் தின்றிருந்தது. பட்டியல் போனால் காத்திருப்பவர்களுக்கு அறுவைக்கு வரச்சொல்லிக் கடிதம் போகாது. கடிதம் வராவிட்டால் கிராமத்து ஆட்கள் தாங்களாகக் கிளம்பி வரமாட்டார்கள்.

"கர்னலுக்குத் தெரியலன்னா தெரிய வெப்போம் சார்," என்றார் பத்மாவதி.

நான்கு மாதம் ஆயிற்று. பழைய வட்டின் ஒழுங்கை எண் எண்ணாகப் படித்துக் கண்டுபிடித்தார். பிறகு கர்னலைப் பிரித்து மாற்றி எழுதினோம். "தொற, படி, அடுத்த பேரச் சொல்லு. கர்னல் கேக்கறது எல்லா வட்டுக்கும் ஒண்ணுதான் இந்திரா. பதில் சொல்ற ஆள மட்டும் வட்டுக்குத் தகுந்தாப்பல மாத்திக்கலாம்," என்பார். கேட்க எளிதாகத்தான் இருந்தது. செய்தபோது நாக்குத் தள்ளிவிட்டது.

பிளாப்பியின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அதை ஒட்டி மறைத்துவிட்டால் இயந்திரத்தால் படிக்க முடியும், எழுத முடியாது. பெட்டியோடு வந்த ஒட்டுத்தாள்கள் காய்ந்து உதிர்ந்திருந்தன. வெட்டு மறைந்திருக்கிறதா என்று இயந்திரம் வெளிச்சம் பாய்ச்சித்தான் பார்க்கும்; சாதாரண டேப்பில் அது ஊடுருவியது. பத்மாவதி மலைப்படிக்கட்டு அருகிலிருந்த வளையல் கடைக்குப் போய், பெரிய மெரூன் ஸ்டிக்கர் பொட்டு நான்கு அட்டை கேட்டார். பொட்டில்லாத அவர் நெற்றியைக் கடைக்காரம்மா பார்த்தார்.

"யாருக்கும்மா, தங்கச்சிக்கா?"

"மெஷினுக்கு."

"ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் கீதேம்மா?"

திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தோம். பொட்டு கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது.

நான் செய்த தவற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒருநாள் மருத்துவமனையில் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, படிக்கத்தானே போகிறோம் என்று பொட்டு ஒட்டாத ஒரு வட்டைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கர்னலுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கோப்பைப் படித்தாலே, இன்ன நேரத்தில் படித்தேன் என்று வட்டில் குறித்துவைக்கும். எங்கள் வட்டில் அதற்கென்று இடம் இருந்தது. பழைய வட்டில் அதே இடத்தில் நோயாளிகளின் பெயர்கள் இருந்தன. பள்ளிப்பட்டுப் பக்கத்தில் மூன்று ஊர்க்காரர்களின் பெயர்கள் போயின.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்தார். "பேருதான் போச்சு. ஊரு அங்கியேதான் கீது. வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

தறிச்சத்தம் கேட்கும் தெருக்களில் மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒரு வீட்டில் முனிசாமி என்ற நெசவாளர் தறியில் இறங்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார். "லெட்டர் வரும்னு சொன்னாங்கோ. வரல. வயசாயிட்ச்சு, ஒரு கண்ணு போதும்னு உட்டுட்டாங்கோ போலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றார்.

"யாரும் உடல நைனா. எந்தக் கண்ணு?" என்று கேட்டு பத்மாவதி குறித்துக்கொண்டார். எனக்கு முனிசாமியின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

கடைசி வட்டையும் கர்னல் படித்து முடித்த மாலை, பட்டியல் முழுவதும் அச்சாகிவந்தது. முனிசாமியின் பெயரைத் தேடிப் பார்த்தேன், இருந்தது. அட்டையில் ஒரே ஒரு பொட்டு மிச்சம். பத்மாவதி அதை எடுத்தார். அணைத்துவைத்த திரையின் கண்ணாடியில் முகம் பார்த்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டார். "வீணாப் போவுது பாருங்க," என்றார்.

அன்றிலிருந்து தினமும் வைத்துக்கொண்டார். அவர் தங்கை அடுத்த வாரம் ஓர் அட்டை வாங்கிவந்து கண்ணாடியடியில் வைத்துவிட்டாராம். பிளாட்பாரத்தில் சிலர் முறைத்துப் பார்த்தார்கள். எனக்குத்தான் கோபம் வரும். "பாக்கட்டும் இந்திரா. படிக்கத்தான் முடியும், எழுத முடியாது," என்பார் அவர்.

திங்கட்கிழமை ரயில் நிலையத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போனபோது, உறவுக்காரப் பெண்கள் அவரைக் குளிப்பாட்டி நெற்றி நிறைய விபூதி மட்டும் வைத்திருந்தார்கள். அவர் தங்கை கண்ணாடியடியிலிருந்து அட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். ஒரு பொட்டைப் பிரித்து விபூதிக்கு நடுவே ஒட்டினேன். யாரும் தடுக்கவில்லை. கண்ணீரில் எனக்குச் சரியாகத் தெரியவும் இல்லை.

மதியம் பள்ளிப்பட்டு பஸ்ஸில் முனிசாமி வந்தார். தடித்த கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு கண்ணாலும் பத்மாவதியை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்:

"பொட்டு கோணலா கீதும்மா."

குனிந்து நேராக்கினேன்.

"ஆங், இப்ப சரியா கீது," என்றார்.

பத்மாவதி, நாளை முதல் உங்கள் ஜன்னல் ஓரத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள். மணவூர் வரை பேசமாட்டேன்.