சுகர் பார்ப்பதாகச் சொல்லி அழைத்தோம்

1. முதல் முகாம் அஸ்தினாபுரத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நூறு நாற்காலி போட்டோம். பதினொரு பெண்கள் வந்தார்கள்.

2. நோட்டீஸிலிருந்து 'புற்றுநோய்' என்ற சொல்லை நான் எடுத்தேன்.

3. இரண்டாவது முகாம் ஊரப்பாக்கத்தில். நாற்காலி போதவில்லை. வந்தவர்களில் இருபத்திரண்டு பேரை ஒரே தெருவிலிருந்து ஒரு மாவுக்கடைக்கார அக்கா கூட்டி வந்தார்.

4. பன்னிரண்டு நாள் கழித்துப் பரிசோதனை முடிவுகள் வந்தன. அந்தத் தெருவில் ஒருவருடைய முடிவு மட்டும் சரியில்லை. அது அந்த அக்காவுடையது.

5. அடுத்த சோதனைக்கு வர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

இதில் இரண்டாவதை வெகுநாள் நான் வெளியாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "நோட்டீஸை மாற்றினோம்" என்று பன்மையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு, என்ன ஆகிறது என்று பார். இதுதான் எங்கள் முறை. மூன்று வருடம் அதையே செய்ததில், வெளியிலும் எனக்கு அப்படித்தான் யோசிக்க வந்தது.

எங்கள் அறக்கட்டளை சின்னது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மனைவி புற்றுநோயில் இறந்த பிறகு தொடங்கியது. அவரை நாங்கள் எல்லோரும் சார் என்போம். முறை வைத்து வரும் இரண்டு பெண் மருத்துவர்கள், ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் அக்கா, சனி ஞாயிறு மட்டும் வேலை செய்யும் நாங்கள் ஐந்து பேர். பெண்களுக்கு இரண்டு சோதனைகள். மார்பில் கட்டி இருக்கிறதா என்று டாக்டர் கையால் பார்ப்பார். கர்ப்பப்பை வாயிலிருந்து கொஞ்சம் திசுவை வழித்துக் கண்ணாடித் தகட்டில் தடவி லேபுக்கு அனுப்புவோம். இரண்டு நிமிட வேலை. தொடக்கத்திலேயே தெரிந்தால் சின்ன சிகிச்சையில் முடிந்துவிடும். எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருந்தது. செலவு குறைவு, பலன் பெரிது, ஆட்கள் வந்தால் போதும்.

ஆட்கள்தான் வரவில்லை. அஸ்தினாபுரம் முகாமில் ஒரு பெண் வாசல்வரை வந்து, மேலே கட்டியிருந்த பேனரைப் படித்துவிட்டு அப்படியே நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன். "எங்க வூட்ல பொண்ணுக்கு வரன் பாத்துகினு கீறோம் மா. நான் இங்க நிக்கிறத யாராச்சும் பாத்தா இன்னான்னு நெனப்பாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேகமாகப் போனார்.

மறுவாரம் சார் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். புதிய நோட்டீஸை நான் எழுதி எடுத்துப் போயிருந்தேன். பெண்களுக்கான இலவச உடல் பரிசோதனை முகாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை, கர்ப்பப்பை நலம்.

சார் இரண்டு முறை படித்தார். "இது பொய் ஆயிடாதாம்மா?"

"பொய் இல்ல சார். சுகரும் பாக்கத்தான் போறோம். ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிட்டா போதும்."

நர்ஸ் அக்கா அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. "உள்ள வந்து படுக்கச் சொல்லுவோம்ல? அப்ப எதுக்குன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"கர்ப்பப்பை நல்லா இருக்கான்னு பாக்குறோம்னு சொல்லுங்கக்கா. கையெழுத்து வாங்குற படிவத்துல எல்லாம் தெளிவா இருக்கு."

இருந்தது. மூன்றாவது பத்தியில், மற்ற எழுத்துகளின் அளவிலேயே அந்தச் சொல் இருந்தது. அந்தப் படிவத்தையும் நான்தான் தயார் செய்தேன்.

ஊரப்பாக்கத்தில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கப் போனபோது எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது: மாவுக்கடை அக்காவைக் கேளுங்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடு. முன்னறையில் இரண்டு கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இட்லி மாவைக் கவரில் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, பெரிய அலுமினியத் தட்டில் அடுக்கியிருந்தார். நாற்பத்து மூன்று வயது. கணவர் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். அந்தத் தெரு மகளிர் குழுவுக்கு இவர்தான் தலைவி. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தெருவில் பாதிப் பேர் மாவு வாங்க அங்கேதான் நின்றிருப்பார்கள்.

"இன்னா பாப்பா, ஃப்ரீன்றீங்க. அப்பால இன்ஷூரன்ஸ் கின்ஷூரன்ஸ்னு ஏதாச்சும் எங்க தலைல கட்டுவீங்களா?"

"ஒண்ணும் கட்ட மாட்டோம்க்கா."

"இன்னா டெஸ்ட்டு?"

"சுகர், பிரஷர் பாப்போம். கர்ப்பப்பை நல்லா இருக்கான்னு டாக்டரம்மா பாப்பாங்க."

"அவ்ளோதானே?"

"அவ்ளோதான்க்கா."

முகாம் நாளன்று அவர் கிரைண்டருக்கு லீவு விட்டிருந்தார். இருபத்திரண்டு பெண்களோடு அவர் தெருமுனையில் திரும்பியதைப் பார்த்தபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. வரிசையில் ஒரே சிரிப்பு. ஒல்லியான ஒரு பெண் சொன்னார்: "எனக்கு மட்டும் சுகர் இருக்கட்டும், ஒரு மாசம் சமைக்காம படுத்துக்கினு இருப்பேன்."

"நீ இப்ப மட்டும் இன்னா சமைக்கிற?" என்றார் மாவுக்கடை அக்கா. "தெனம் என்னாண்ட மாவு வாங்கி ஊத்துற. சட்னி அரைக்கிறதுக்கே உன் வூட்டுக்காரரக் கூப்புடுற."

உள்ளே திரை போட்டிருந்த இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. படுக்க வேண்டும் என்று தெரிந்தவுடன் நாலைந்து பேர் பின்வாங்கினார்கள். அக்காதான் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னே வந்தார். "புள்ள பெத்தவங்கதானே எல்லாம்? இதுக்கு இன்னாத்துக்கு பயம்? தோ, நான் போறேன்." அவர் போய் வந்த பிறகு ஒருவரும் திரும்பிப் போகவில்லை. எல்லோரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் ஆபீஸில் மதிய இடைவேளையில் இரண்டு முகாம்களையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டு சாருக்கு அனுப்பினேன். ஒரே ஒரு மாற்றம், பத்து மடங்கு பலன் என்று கீழே எழுதியிருந்தேன்.

முடிவுகள் வந்த வாரம், கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்து நானும் நர்ஸ் அக்காவும் போனோம். நர்ஸ் அக்கா நிதானமாகப் பேசினார். கர்ப்பப்பை வாயில் செல்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன, ஆஸ்பத்திரியில் இன்னொரு சோதனை செய்து பார்க்க வேண்டும், அரை நாள் போதும், நாங்களே கூட்டிப் போகிறோம் என்றார்.

"மாறி கீதுன்னா?"

நர்ஸ் அக்கா என்னைப் பார்த்தார். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றும் சொன்னேன். மாவுக்கடை அக்கா எழுந்து போய் இரண்டு கிரைண்டர்களையும் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்போ அன்னைக்கு அத்தத்தான் பாத்தீங்களா?"

"ஆமாக்கா."

"எல்லாருக்குமா? என் கூட வந்ததுங்களுக்கும்?"

"ஆமாக்கா. அவங்க எல்லாருக்கும் நல்லா இருக்கு."

"நான் வூடு வூடா போயி சுகர் டெஸ்ட்டுன்னு சொல்லிக் கூட்டிக்கினு வந்தேன்."

"படிவத்துல போட்டிருந்தோம்க்கா" என்றேன்.

"நீ என்னாண்ட வாயத் தொறந்து சொன்னியா பாப்பா?"

அந்த நேரத்தில் ஒரு பெண் மாவு கேட்டு வந்தார். அக்கா எழுந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தார். அந்தப் பெண் போன பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "இவ நாளைக்கு வாங்குவாளா?"

"இது ஒட்டுற நோய் இல்லைங்க" என்றார் நர்ஸ் அக்கா.

"அது ஒங்களுக்குத் தெரியும். அவளுக்கு நான் சொல்றதுதான் தெரியும். பொய் சொல்லிக் கூட்டிக்கினு போனேன்னு தெரிஞ்சா, நான் சொல்றத இனிமே யாரு நம்புவா? எனக்கு சுகர் இல்லன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அது போதும்."

அதன் பிறகு நான் மட்டும் நாலு முறை போனேன். மூன்றாவது முறை, அடிக்கடி வராதே என்று சொன்னார். நான் கம்ப்யூட்டர் கிளாஸுக்கு ஆள் சேர்க்க வருவதாகத் தெருவில் சொல்லி வைத்திருக்கிறாராம். நாலாவது முறை அவர் உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. கணவரின் செல்லுக்கு அழைத்தால் சவாரியில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவார். அவரிடம் அக்கா என்ன சொல்லியிருந்தார் என்று எனக்குத் தெரியாது.

இங்கேதான் நான் சரியாக எழுத வேண்டியது இருக்கிறது. நோட்டீஸை மாற்றியது தப்பு. ஆனால் அதைச் சரிசெய்ய எனக்கு வழி இருந்தது. அந்த வழியை நர்ஸ் அக்கா அந்த வாரமே சொன்னார், ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டிக்காகக் காத்திருந்தபோது.

"நாமளே அந்தத் தெருவுக்குப் போய் அந்த லேடீஸ் எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு சொல்லிடலாம்மா. நாங்கதான் மறைச்சோம், உங்க அக்காவுக்கே தெரியாதுன்னு. யாருக்கு என்ன ரிசல்ட்னு பேச வேணாம். அவங்க மேல பழி இல்லன்னு ஆயிட்டா வந்துடுவாங்க."

எனக்கு அது சரியாகப் படவில்லை என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் அக்காவின் முடிவு வெளியே கசிந்துவிடும் என்று காரணம் சொன்னேன். அது உண்மையான காரணம் இல்லை. அடுத்து நடக்கவிருந்த படப்பை முகாமுக்கு நோட்டீஸ் அச்சடித்துக் கட்டுக் கட்டாக என் வீட்டு ஹாலில் இருந்தது, அதே வாசகத்தோடு. ஊரப்பாக்கத்தில் உண்மையைச் சொன்னால் அது படப்பைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? படப்பை முடியட்டும், பிறகு போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். படப்பையிலும் நாற்காலி போதவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு முகாம் வந்தது. நர்ஸ் அக்கா இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அக்காவும் கணவரும் சார் வீட்டுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அக்காவுக்கு மூன்று மாதமாக ரத்தப்போக்கு நிற்கவில்லை. கணவருக்கு ஒரு வாரம் முன்னால்தான் தெரியும். அக்கா ஆளே பாதியாக இருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சின்ன சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது, கதிர்வீச்சும் ஊசி மருந்தும் கொடுக்க வேண்டும் என்றார்கள். முதலிலேயே வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அங்கிருந்த டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். அன்றைக்கு எந்த நிலையில் இருந்தது என்று இன்றைக்குச் சொல்ல முடியாது, இதைவிடச் சின்னதாக இருந்திருக்கும் என்றார்.

தெருவுக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. அக்காவிடம் கேட்டு, அவர் "இனிமே இன்னா கீது, சொல்லிக்கோ" என்ற பிறகு, மகளிர் குழுக் கூட்டத்துக்கு நானும் நர்ஸ் அக்காவும் போனோம். நான் எழுந்து நின்று சொன்னேன். அது புற்றுநோய் முகாம். நோட்டீஸில் அந்தச் சொல்லை எடுத்தது நான். உங்கள் அக்கா கேட்டபோது அவ்வளவுதான் என்று சொன்னதும் நான். அவருக்கு எதுவும் தெரியாது.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அன்று வரிசையில் சமைக்காமல் படுத்துக்கொள்வேன் என்று சொன்ன பெண்தான் முதலில் பேசினார்.

"இத்த அப்பவே வந்து சொல்லியிருந்தா இன்னா? உன்ன ரெண்டு திட்டு திட்டிட்டு, நாங்களே அவங்கள இழுத்துக்கினு வந்திருப்போம்ல?"

பக்கத்தில் இருந்தவர் அவரை அடக்கப் பார்த்தார். "இரு, நான் கேக்குறேன்" என்றார் அவர். "நாங்க அவங்க மேல கோச்சுப்போம்னு ஒனக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நான் அவர்களிடம் கேட்கவே இல்லை. வேலையில் எதையும் சோதித்துப் பார்க்காமல் முடிவு எழுத மாட்டேன். அந்தத் தெருவைப் பற்றி மட்டும் பார்க்காமலே எழுதி வைத்திருந்தேன்.

இப்போது நிலைமை இது. அக்காவுக்குச் சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நர்ஸ் அக்கா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வருகிறார். ஒரு கிரைண்டரை விற்றுவிட்டார்கள். இன்னொன்று ஓடுகிறது, காலையில் மட்டும். மாவு வாங்க முன்னைப் போலக் கூட்டம் இல்லை, ஆனால் வருகிறார்கள். எங்கள் நோட்டீஸில் நோயின் பெயர் முதல் வரியில் இருக்கிறது. கடைசி முகாமுக்கு முப்பத்தோரு பேர் வந்தார்கள். ஊரப்பாக்கத்துத் தெருவிலிருந்து வந்த இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் மறுபடி சோதனை செய்துகொண்டார்கள். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. அக்கா என்னோடு பேசுவதில்லை. அறக்கட்டளை போனை நான் எடுத்தால், நர்ஸம்மாவிடம் கொடு என்பார். அவருடைய அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்கு முன் நல்லது கெட்டது எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.