பதின்மூன்றாம் தகட்டில் இடம்பெறாத பத்தொன்பது நிமிடங்கள்

எங்கள் மிஸுகுச்சி குடும்பப் பதிவேட்டுக்கு ஒரு விதி உண்டு. தாள் இல்லாமல் அதில் எதுவும் ஏறாது. பிறப்புக்கும் மணத்துக்கும் நகராட்சி தரும் படி வேண்டும். இறப்புக்கு மருத்துவர் எழுதிய சான்று வேண்டும். வீட்டோடு மாப்பிள்ளை எடுத்த மகள் என்பதால் இந்தப் பேனா பதினைந்து ஆண்டுகளாக என் கையில் இருக்கிறது. அந்த விதியை ஒரே ஒருமுறை வளைத்தேன், என் அண்ணன் நோரியாசுவின் பொருட்டு. பின்னால் வருபவர்கள் காரணம் கேட்கக்கூடும். ஆகவே நடந்ததை நடந்தபடி இங்கே எழுதி வைக்கிறேன்.

விதியை வகுத்தவர் எங்கள் தந்தை கிஹேய். தோயாமாவின் மருந்து வியாபாரிகள் எல்லோரையும்போல அவரும் வீடுவீடாக மருந்துப் பெட்டி வைத்துவிட்டு, ஆண்டுக்கு இருமுறை போய்ப் பார்த்து, குறைந்ததை நிரப்பிவிட்டு வருவார். ஒவ்வொரு வீட்டுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம். எழுதாதது நடக்காதது என்பது அவர் கொள்கை. கணக்குக்குக் கையெழுத்திட முடியாத நிலையில் ஒரு வீடு இருந்தால், அக்கம்பக்கத்தாரை அழைத்து, கண்டவர்கள் என்று இருவரைத் தங்கள் பெயர் முத்திரையை வைக்கச் சொல்வார். முத்திரை இல்லாதவர் கட்டைவிரலைச் சிவப்பு மையில் தோய்த்து வைப்பார். அந்தப் பக்கங்களைத்தான் தம் குறிப்பேட்டிலேயே உறுதியானவை என்று சொல்லிக்கொள்வார்.

அண்ணன் மருந்துப் பையைத் தொடவில்லை. பள்ளி முடிந்ததும் ஹமமாட்சுவுக்குப் போய், பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் வேலை கற்றுத் திரும்பினான். தந்தைக்கு அது விளங்கவே இல்லை.

"பையைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போறதுதான் பொழப்புன்னா, நம்ம பை என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றார். "மருந்துப் பெட்டி மேல நம்ம பேர் இருக்கு. பியானோல உன் பேர் எங்கடா இருக்கும்?"

அண்ணனின் பதில் 1991இல் ஒரு குறுந்தகடாக வந்தது. எங்கள் ஊர் அரங்கம் சிறியது. ஆனால் அதன் மரச்சுவர்களின் ஒலிக்காகத் தோக்கியோவிலிருந்து வந்து பதிவு செய்வார்கள். பியானோக் கலைஞர் தோகிதா அம்மையார் தம் முதல் தகட்டை அங்கே பதிவு செய்தபோது பியானோவைப் பார்த்துக்கொண்டவன் அண்ணன். தகட்டுடன் வந்த சிறுநூலின் கடைசிப் பக்கத்தில், எறும்பு வரிசை போன்ற எழுத்துகளுக்கிடையே, 'சுருதி சேர்த்தவர்: மிஸுகுச்சி நோரியாசு' என்று இருந்தது.

தந்தை உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அதை இருமுறை படித்தார். பிறகு தகட்டைப் புத்தர் மாடத்தில் முன்னோர் முன் வைத்து, ஊதுபத்தி ஏற்றி, மணியைத் தட்டினார். மறுநாள் காலை பதிவேட்டில் தூரிகையால் எழுதினார். வீட்டில் தகடு கேட்கும் கருவி அப்போது கிடையாது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. அந்த இளவேனில் முழுவதும் தகடு அவர் மருந்துப் பைக்குள் பயணம் செய்தது. வயிற்றுவலி மாத்திரையை நிரப்பிவிட்டு, கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டாமல் அவர் ஒரு வீட்டையும் விட்டு எழுந்ததில்லை என்று பிற்பாடு பலர் சொன்னார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு தகடும் மூன்று படிகளாக வீட்டுக்கு வந்தது. கேட்க ஒன்று, பிரிக்காமல் வைக்க ஒன்று, பிறருக்குக் காட்ட ஒன்று. தந்தை காலமான பிறகும் வழக்கம் நிற்கவில்லை. பன்னிரண்டு தகடுகள், பன்னிரண்டு கடைசிப் பக்கங்கள், பதிவேட்டில் பன்னிரண்டு வரிகள்.

பதின்மூன்றாவதில்தான் சிக்கல். பதிவு நடந்தது பிப்ரவரியில், கடும் பனிக்காலத்தில். வெப்பக்காற்று இயந்திரத்தின் இரைச்சல் ஒலிவாங்கியில் விழும் என்பதால் ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் அதை நிறுத்தினார்கள். குளிர்ந்தால் கம்பி இறுகிச் சுருதி ஏறும். மறுபடி சூடேற்றினால் இறங்கும். மூன்று நாள்களில் அண்ணன் பதினேழு முறை பியானோவுக்குள் குனிந்தான். கடைசி நாள் பிற்பகல் தோகிதா அம்மையார் பத்தொன்பது நிமிட இசைப்படைப்பு ஒன்றை வாசித்தார். கூரைப்பனி சரிந்து சத்தமிடாமல், ஒரு கம்பியும் பிசகாமல், நிறுத்தாமல் ஒரே வீச்சில் முடிந்தது. முடித்தவர் பியானோவுக்குத் தலைவணங்கினார். பிறகு திரும்பி அண்ணனுக்கும் வணங்கினார். முப்பத்து மூன்று ஆண்டுகளில் அப்படி நடந்ததில்லை என்று அண்ணி ஷிகெமி என்னிடம் தொலைபேசியில் சொன்னார். அண்ணன் சொல்லவில்லை.

செப்டம்பரில் தகடு வந்தது. மற்றப் படைப்புகளே அறுபத்திரண்டு நிமிடங்கள் ஆகிவிட்டதால், பத்தொன்பது நிமிடப் படைப்புக்கு அதில் இடமில்லை. அது பதிவிறக்கமாக மட்டுமே கிடைக்கும் என்று உறையின் பின்புறம் ஒரு வரி. பதிவிறக்கப் பக்கத்தைத் திறந்து மூன்றுமுறை தேடினேன். படைப்பின் பெயர் இருந்தது, தோகிதா அம்மையாரின் பெயர் இருந்தது, நிமிடக் கணக்கு இருந்தது. வேறொன்றும் இல்லை.

அக்டோபரில் தந்தையின் பதின்மூன்றாம் ஆண்டு வழிபாடு. பதின்மூன்றாம் தகட்டை அன்று மாடத்தில் வைத்து, பதிவேட்டிலும் ஏற்றுவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். சொன்ன நாள் மாலையே அண்ணன் வந்துவிட்டான்.

"அந்த சிடிய அப்பா முன்னால வைக்காத, இகுகோ," என்றான்.

"உங்க பேர் அதுலதான் அண்ணா இருக்கு."

"பேர் இருக்கு. அதுல இருக்கிறதெல்லாம் நான் எப்பவும் செய்யற வேலை. காட்டணும்னா அந்தப் பத்தொன்பது நிமிஷத்தத்தான் காட்டணும். டவுன்லோடுல சிடியவிட நல்லாவும் கேக்குது. கம்பி அடங்குறது கடைசி வரைக்கும் கேக்குது."

தாள் இல்லாததை ஏற்ற மாட்டேன் என்றேன். ஏற்றாவிட்டால் பதின்மூன்றாவதே வேண்டாம், பன்னிரண்டோடு நிற்கட்டும் என்றான். அறுபத்தொரு வயதில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கும் இறங்க மனமில்லை. அண்ணிதான் தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்: "மாமா நல்லாத்தான் பாகம் பிரிச்சிருக்கார். இவருக்குக் காது, உனக்குப் பேனா. பிடிவாதத்த மட்டும் ரெண்டு பேருக்கும் முழுசா குடுத்துட்டுப் போயிருக்கார்."

அன்றிரவு நான் ஒரு சமரசம் கண்டுபிடித்ததாக நினைத்தேன். படைப்பை வாங்கி, அதற்கு ரசீதாக வந்த மின்னஞ்சலை அச்சிட்டு, வழிபாட்டு நாளன்று தட்டில் வைத்து மாடத்தில் வைத்தேன். தாக்காவோகாவிலிருந்து வந்த சித்தப்பா வணங்கிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, எங்க அண்ணனுக்கு மேலோகத்துலயும் கரண்ட் பில் அனுப்புறாங்களா?"

ஓதி முடித்த துறவி உட்படச் சிரிக்காதவர் இல்லை. அண்ணனும் சிரித்தான். நான் அந்தத் தாளை மடித்து இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டேன். அதில் அவன் பெயரும் இல்லை, அவன் வேலையும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூங்கிலிலையில் பொதிந்த மீன் சூஷி காத்திருந்தது. அண்ணன் அதற்கு முன் எங்களிடம் பத்தொன்பது நிமிடம் கேட்டான். யாரிடமும் எதுவும் கேட்காதவன். இரண்டு ஒலிபெருக்கிகளை மாடத்தின் இருபுறமும் வைத்தான். இருபது பேர் மண்டியிட்டபடி உட்கார்ந்திருந்தோம். பாதி வழியிலேயே எல்லோருக்கும் கால் மரத்திருக்கும், ஒருவரும் அசையவில்லை. கடைசிச் சுரம் விழுந்தது. முடிந்ததென்று நினைத்துச் சித்தி வாய் திறந்தபோது அண்ணன் கையை உயர்த்தினான். ஒலி இருந்துகொண்டே இருந்தது. மெலிந்து, ஊதுபத்திப் புகை போலக் கலையாமல் நேராக நின்று, எப்போது இல்லாமல் போனது என்று தெரியாமல் போனது. அதன் பிறகுதான் அவன் கை இறங்கியது.

"இதச் செஞ்சது நம்ம நோரியாசுவா?" என்று சித்தப்பா கேட்டார். சிரிப்பு அவர் குரலில் இல்லை.

"வாசிச்சது அந்தம்மா. பியானோ எங்க அண்ணன்," என்றேன்.

சொன்ன பிறகு தந்தையின் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. கண்டவர்கள் முத்திரை வைத்த பக்கங்கள்தாம் உறுதியானவை என்றால், கேட்டவர்கள் வைத்ததை அவர் மறுத்திருப்பாரா? எழுந்து போய்ப் பதிவேட்டையும் சிவப்பு மையையும் எடுத்து வந்தேன். நாளும் அரங்கத்தின் பெயரும் படைப்பின் பெயரும் எழுதினேன். 'பத்தொன்பது நிமிடம், ஒரே வீச்சு. பியானோவுக்குச் சுருதி சேர்த்தவர் மிஸுகுச்சி நோரியாசு. பதிவிறக்கம், தாள் இல்லை. கேட்டவர்கள்:' என்று எழுதி, பக்கத்தின் மீதியை வெறுமையாக விட்டுச் சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் பணப்பைக்குள் எப்போதும் முத்திரை இருக்கும். அவர் வைத்தார், அடுத்து துறவி வைத்தார். ஏழு முத்திரைகள், பன்னிரண்டு கட்டைவிரல்கள். அவற்றில் கடைசி என்னுடையது.

அண்ணனும் விரலை நீட்டினான்.

"வேலை செஞ்சவங்க சாட்சி ஆக முடியாது அண்ணா," என்று பதிவேட்டை இழுத்துக்கொண்டேன்.

அவன் விரலை மடக்கிக்கொண்டு, மாடத்தின் முன் போய் உட்கார்ந்து, மணியை ஒருமுறை தட்டினான். அது அடங்கும் வரை திரும்பவில்லை.

தகட்டையும் விட்டுவிடவில்லை, அடுத்த வரியில் விதிப்படி ஏற்றினேன். மூன்று படிகளில் காட்டுவதற்கான படி இப்போது சித்தப்பாவிடம் இருக்கிறது. ஆனால் தாக்காவோகாவில் மருத்துவமனை வரிசையிலும் முடி திருத்தும் கடையிலும் அவர் நீட்டுவது அதை அல்ல என்று சித்தி சொல்கிறார். சிவந்த விரல்கள் நிறைந்த அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறார். முதலில் படத்தைக் காட்டுகிறாராம். பிறகு பத்தொன்பது நிமிடம் உட்கார வைக்கிறாராம்.