ரூவியில் நான் சொன்ன நன்றி

தயவுசெய்து இந்தப் பதிவை யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக, எந்தச் சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடாதீர்கள். அஜ்மானில் எங்களைத் தெரிந்தவர்கள் யாராவது படித்தால், அம்மா அப்புறம் ஆராதனைக்கே போகமாட்டார். ஆங்கிலத்தில் எழுதினால் என் வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். விசா மாற்றுவதற்காக மஸ்கட் போகிறவர்கள் மட்டும் படியுங்கள். கிளம்புவதற்கு முன் நானும் இப்படிப்பட்ட பதிவுகளைத் தேடித் தேடிப் படித்தேன். பஸ் எப்போது, டிக்கெட் எவ்வளவு என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். போய்த் தங்குகிற வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று ஒருவரும் எழுதவில்லை.

மே மாதம் அப்பாவுக்கு வேலை போனது. அவர் விசாவில்தான் நானும் அம்மாவும் இருந்தோம் என்பதால் எங்கள் விசாவும் போயிற்று. நாட்டை விட்டு வெளியே போய், புது விசிட் விசா வந்ததும் திரும்ப வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னார். வராவிட்டால் அங்கிருந்து நேராக ஊருக்குத்தான். அப்பா இன்டர்வியூக்களுக்காக அஜ்மானிலேயே இருந்துவிட்டார். பள்ளி விடுமுறை என்பதால் ஜூலையில் கிளம்பினோம்.

ஷார்ஜாவில் காலை ஆறரைக்கு பஸ். ஒருவருக்கு நூறு திர்ஹாம். அஜ்மானிலிருந்து டாக்சிக்கு இருபத்தைந்து ஆனது. அப்பா பஸ் வரை வந்து, ஜன்னலுக்கு வெளியே சிரித்துக்கொண்டே நின்றார். பஸ் திரும்பும்போது பார்த்தேன், சிரிப்பு இல்லை.

ஃபுஜைராவைத் தாண்டியதும் ஏசி நின்றுவிட்டது. டிரைவர் ராமநாதபுரத்துக்காரர். ஓரம்கட்டி, எதையோ திறந்து தட்டி, கால் மணி நேரத்தில் சரிசெய்தார். குளிர்ந்த காற்று வந்ததும் அம்மா சத்தமாக, "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்றார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "யக்கா, தட்டினது நானு. எனக்கும் ஒண்ணு சொல்லுங்க."

"ஒங்களுக்கும் சேத்துத்தான் தம்பி சொன்னேன்."

பஸ்ஸே சிரித்தது. எனக்கு இருக்கைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. அம்மா எப்போதும் இப்படித்தான். எல்லையில் வெளியேறும் கட்டணம் தலைக்கு முப்பத்தாறு திர்ஹாம். அதைக் கட்டி முடித்ததற்கு ஒரு ஸ்தோத்திரம். ஓமான் பக்கம் வெயிலில் பைகளைத் தரையில் அடுக்கிவைத்து நின்றோம். நிழல் வந்ததற்கு ஒன்று. கவுன்ட்டரில் அதிகாரி அம்மாவின் பாஸ்போர்ட்டை வெகுநேரம் புரட்டினார். முத்திரை விழுந்ததும் இன்னொன்று.

"போதும்மா. எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்ட்டி. நன்றி சொல்லுததுக்கு என்ன வெக்கம்?"

இரண்டு மணி நேரம் எல்லையில் போனது. அதற்குப் பிறகு சொஹார் வழியாக நேர்ச்சாலை. மஸ்கட்டை நெருங்கி பர்க்கா பக்கம் வரும்போது அம்மா என் காதருகே குனிந்தார். "அன்ட்டிகிட்ட அப்பா விஷயத்தப் பத்தி வாயத் தெறக்கக் கூடாது, கேட்டியா? லீவுக்கு வந்திருக்கோம். அவ்வளவுதான்."

அன்ட்டி என்றால் ஜெயராணி அன்ட்டி. யாழ்ப்பாணத்துக்காரர். முன்பு ஷார்ஜாவில் எங்கள் சபையில் இருந்தவர். அவருடைய கணவர் அப்போது அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தார். இப்போது ஓமானின் தெற்கே, துக்ம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சைட்டில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். அன்ட்டி மஸ்கட்டில், ரூவி என்ற பகுதியில் தனியாக இருந்தார். அம்மா ஏன் மறைக்கச் சொன்னார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கோபம் வந்தது. நன்றி சொல்ல வெட்கப்படாதவர் உண்மையைச் சொல்ல மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

மூன்றரைக்கு ரூவி பஸ் நிலையம். அன்ட்டி குடையோடு நின்றார். "வாங்கோ, வாங்கோ. பிள்ளை நல்லா வளந்திட்டாள். சாப்பிட்டனீங்களோ?" வீடு ஐந்து நிமிட நடை. கீழே செருப்புக் கடை, மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை.

அன்ட்டி வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்த பிறகு ஒவ்வொருவரும் ஒரு காரியத்துக்காவது வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டும். முதல் நாளே அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "என் வீட்டுக்காரருக்கு நல்ல வேலையக் குடுத்து இம்மட்டும் நடத்துறீரே, அதுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே."

அன்ட்டியிடம் பொய் சொல்லலாம். ஜெபத்திலேயுமா?

அடுத்தது என் முறை. "ஆண்டவரே, அப்பாவுக்கு வேலை போயி ரெண்டு மாசம் ஆகியும் எங்களைப் பட்டினி போடாம வச்சிருக்கீங்க, நன்றி. விசா இல்லாம வந்த எங்களுக்கு அன்ட்டி வீட்டுல படுக்க இடம் குடுத்தீங்க, நன்றி." ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஆண்டவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அல்ல. அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக.

அன்ட்டி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "இவை ரெண்டு பேரையும் வேற எங்கயும் விடாமல் என்ர வீட்டுக்கு அனுப்பினீரே, ஸ்தோத்திரம், ஆமென்" என்று முடித்துவிட்டு, புட்டு எடுத்து வைக்க எழுந்தார். அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை.

பாத்திரம் கழுவும்போது அன்ட்டியிடம் சொன்னேன், "உங்ககிட்ட மறைச்சது தப்பு அன்ட்டி."

"எனக்கு முதலே தெரியும் பிள்ளை. ஜூலை மாசம் மஸ்கட் பாக்க ஆர் வருவினம்? கல்லுக்குக்கூட வேர்க்குது." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவ சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. அவ தலை நிமிந்து இருந்திட்டுப் போகட்டும் எண்டு நினைச்சன்."

அதாவது, நான் சொன்னதால் அன்ட்டிக்குப் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை. அம்மாவின் தலை குனிந்தது மட்டும்தான் மிச்சம்.

கஷ்டத்திலும் நன்றி சொல்ல வேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் நான் நன்றாகப் பேசிப் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். நேற்று சொன்ன நன்றியை நினைத்தால் உடம்பு கூசுகிறது. கல்லை எடுத்து எறிகிற மாதிரி எறிந்திருக்கிறேன், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. பஸ்ஸில் அம்மா சொன்ன ஒவ்வொரு ஸ்தோத்திரமும் பயத்தில் வந்தது என்று இப்போதுதான் தோன்றுகிறது. எல்லைக் கவுன்ட்டரில் அவர் விரல்கள் என் மணிக்கட்டை அழுத்திய இடம் வலித்தது. ஏன் அப்படி அழுத்துகிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. இன்று முழுக்க அம்மா என்னிடம் பேசவில்லை. விசாவும் வரவில்லை. இன்றைய ஜெபத்தில் அம்மா எதற்கும் நன்றி சொல்லவில்லை. எனக்கு மிகப் பெரிய பயம் அதுதான்.

எல்லாரும் படுத்த பிறகு குளியலறையில், வாஷிங் மெஷினில் சாய்ந்து இதை எழுதுகிறேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். எல்லையில் தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு இரண்டு பாட்டில் எடுத்துப்போங்கள். பாஸ்போர்ட் நகல் மூன்று. ஏசி சரியாக இருந்தால் குளிரும், ஒரு சால்வை வேண்டும். அம்மாவோடு போகிற பிள்ளைகள், அம்மா என்ன சொல்லச் சொல்கிறாரோ அதையே சொல்லுங்கள். அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். நாளை காலை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படித் தொடங்குவது என்று

கதவைத் தட்டுகிறார்கள்.

"ஏட்டி, உள்ளயா இருக்க? தெற. எனக்கும் ஒறக்கம் வரல."

அம்மாதான். நான்