நான் மாற்றிய பெயர்

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன்.

வீட்டு வேலைக்கு வந்தவளின் பெயர் காந்திமதி. காலமான என் மாமியாரின் பெயரும் அதுவே. அந்தப் பெயரைச் சொல்லி ஏவக் கூடாதென்று அவளைச் ‘செல்வி’ ஆக்கினேன்.

ஒருநாள் என் கைபேசியில் ஒருவர் பதற்றமாக, “காந்திமதி இருக்காளா?” என்றார்.

“அவங்க போய்ச் சேந்து பத்து வருசமாச்சே” என்று கோபத்தில் வைத்துவிட்டேன். மறுபடி அடித்தபோதும் எடுக்கவில்லை.

பாத்திரம் தேய்த்தபடி செல்வி, “யாருக்கா?” என்றாள்.

“எவனோ எங்க அத்தையக் கேக்கான்.”

பேசியது அவள் தம்பி; அவசரத்துக்கென்று என் எண்ணை அவள் வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள். சாகக் கிடந்த தாய் மகளைத் தேடியிருக்கிறாள். மாலையில் இவள் வீடு போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் கேட்கப் போன என்னிடம், “எம் பேரு ஒங்களுக்கு நெனப்பே இல்லையாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

இன்றும் காந்திமதியம்மன் சன்னதியில் எனக்கு நா எழுவதில்லை. இதை யாரிடம் சொன்னாலும் எதையும் மாற்றாமல் சொல்லுங்கள். அவள் பெயர் காந்திமதி.