பாத்திர ஸ்டேண்டு இறங்கிய ஞாயிறு

பிள்ளைப்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடு மொத்தமே ஒரு அறை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அதை ஒரே பகலில் கம்பெனியாக மாற்றிவிட்டார் மாமா. அம்மாவின் தம்பி அவர். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அங்கே தரையெல்லாம் மஞ்சள் டேப் ஒட்டி, எந்தப் பொருளுக்கு எந்த இடம் என்று வகுத்திருப்பார்களாம். மிஞ்சிப்போன ஒரு சுருளோடு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார்.

அடடா, என்ன ஆர்ப்பாட்டம்! என்னைப் படுக்கவைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டினார். அது படுக்கிற இடம். அண்ணனைச் சம்மணம் போடவைத்து ஒட்டினார். அது படிக்கிற இடம். நான் கையையும் காலையும் அகட்டிக்கொண்டு அண்ணன் பக்கம் ஒரு முழத்தை அபகரித்தேன்.

"இன்னாடி, ஊரையே வளைச்சுப் போடுற?" என்று மாமா சிரித்தார்.

கடைசியில் சுவரில் மாட்டியிருந்த பாத்திர ஸ்டேண்டு. என் கலர் பென்சில் டப்பா அதன் உச்சியில்தான் இருந்தது. அதை எடுக்க ஒவ்வொரு முறையும் அண்ணனிடம் கெஞ்ச வேண்டும். சமைக்கிறவர் கை எட்டும் உயரத்தில்தான் ஸ்டேண்டு இருக்க வேண்டும் என்றார் மாமா. அம்மா சட்டென்று இடது கையை உயர்த்தினாள்.

"வலது கைய தூக்குக்கா."

வலது கை தோள் மட்டத்திலேயே நின்றுவிட்டது. அம்மா பல்லைக் கடித்துப் பார்த்தாள். கை ஏறவில்லை.

எனக்கா தெரியாது! "மாமா, அம்மா எனக்காக அழுகுணி ஆட்டம் ஆடுது!" என்று குதித்தேன்.

"ஆமாண்டி, கண்டுபுட்ச்சிட்டியே" என்றாள் அம்மா.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. "எத்தினி நாளாக்கா இப்டி கீது?"

"சொன்னா வேலைய வுட்டு நிறுத்திடுவாங்கடா. சும்மா இரு."

பெரியவர்களின் கம்பெனிப் பேச்சு எனக்கெதற்கு? மாமா ஆணியைப் பிடுங்கி, அம்மாவின் தோள் உயரத்துக்கு ஸ்டேண்டை இறக்கினார். டப்பாவை நானே எடுத்தேன்! எங்கம்மா எனக்காக மாமாவையே ஏமாற்றிவிட்டாள் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

மறுநாள் காலை அம்மா வழக்கம்போலத் தன் கம்பெனியின் ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறினாள். தலைக்கு மேலிருக்கும் பெட்டிகளிலிருந்து நாளெல்லாம் பாகங்களை எடுத்துத் தருவதுதான் அவள் வேலை. வீட்டில் தோளைத் தாண்டாத கையை அங்கே எப்படி உயர்த்தினாள் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவேயில்லை.