செல் அரித்த அலமாரி

கரையான் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை என்று என் கணவர் உறுதியாக இருந்தார். அவருடைய தம்பி வள்ளியூரில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியேறிய பிறகு, கதவு நிலைகளையெல்லாம் பெயர்த்து மாற்ற வேண்டி வந்தது. அதைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர்.

நாங்கள் வாங்கப் பேசி வைத்திருந்த வீடு பாளையங்கோட்டையில், கால்வாயை ஒட்டிய தெருவில் இருந்தது. வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர், அவர் மனைவி, நாற்பதை ஒட்டிய மகள் என்று மூன்று பேர்தான் அங்கே இருந்தார்கள். மகள் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலையில் இருந்தார். முழங்கால் வலியோடு இவ்வளவு பெரிய வீட்டைப் பெருக்க முடியவில்லை, சின்னதாக ஒரு ஃபிளாட்டுக்குப் போகிறோம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். மகளைப் பற்றி நாங்கள் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாணம் ஆகவில்லை என்பது கேட்காமலே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மருந்து அடிக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக ஒவ்வொரு நிலையாகத் தட்டிக்கொண்டே போனார். அண்ணாச்சி இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கள் பின்னாலேயே வந்தார். தட்டுகிற இடத்திலெல்லாம் தேக்கு, தேக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே கூசியது. அடுத்தவர்கள் படுக்கிற கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பதும், அடுப்பு மேடைக்குக் கீழே இருக்கிற அரிசி மூட்டையை நகர்த்தச் சொல்வதும் நாங்கள்தான். நகர்த்துகிற இடத்திலெல்லாம் தூசி இருந்ததற்காக அந்த அம்மா எங்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டே வந்தார்.

பின்னறையில் ஒரு சுவர் அலமாரி. அதன் சட்டத்தைத் தட்டியபோது சத்தம் மாறிக் கேட்டது. கீழ் மூலையில் நூல்போல ஒரு மண் கோடு ஏறியிருந்தது. கதவு பூட்டியிருந்தது.

"அதுல ஒண்ணும் இல்ல. சும்மா பழைய துணி" என்றார் அந்த அம்மா.

திறந்து பார்த்துவிட்டால் நல்லது என்று என் கணவர் பணிவாகத்தான் சொன்னார். பிறகு அண்ணாச்சி மனைவியைப் பார்க்காமலே சாவியை எடுத்து வரச் சொன்னார்.

கதவைத் திறந்ததும் ஈர மண் வாடை வந்தது. மேல்தட்டில் எவர்சில்வர் பாத்திரங்கள், ஒரு குத்துவிளக்கு. கீழே அட்டைப் பெட்டிகளிலும் கடைப் பைகளிலுமாகத் துணிகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் மண் மூடியிருந்தது. அந்த அம்மா ஒரு பெட்டியை இழுத்தார். அடிப்பக்கம் அப்படியே உதிர்ந்தது. கையில் வந்த பட்டுச்சேலை மடிப்புக்கு மடிப்பு ஓட்டையாக இருந்தது. ஜரிகை மட்டும் தொங்கியது. அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை இழுத்தார். பிறகு அடுத்ததை. ஒன்றாவது நன்றாக இருக்காதா என்று தேடுவதுபோல் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். போர்த்தாத போர்வைகள், பூப்போட்டுத் தைத்த தலையணை உறைகள். கரையான்கள் தரையில் சிதறி ஓடின.

அவை யாருக்காக, எதற்காக வாங்கிச் சேர்த்தவை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"என் தங்கச்சி மவளுக்கு வாங்கினது. வந்து எடுத்துட்டுப் போவவே இல்ல" என்றார் அண்ணாச்சி, சுவரைப் பார்த்தபடி.

அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அப்போதுதான் மகள் காப்பித் தட்டோடு வாசற்படியில் நிற்பதைக் கவனித்தேன். அவர் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, விளக்குமாற்றையும் முறத்தையும் கொண்டுவந்து, அம்மாவைக் கைபிடித்து எழுப்பி உட்காரவைத்தார். பிறகு பெருக்க ஆரம்பித்தார். என் கணவர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மருந்துக்காரர்கூடக் குரலைத் தாழ்த்தித்தான், தரையில் துளை போட்டு மருந்து இறக்கினால் சரியாகிவிடும் என்றார்.

அங்கே நிற்க முடியாமல் யாரும் தொடாத காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். குப்பையைக் கொட்டிவிட்டு மகள் கை கழுவ வந்தார். எங்களால்தான் உங்களுக்கு இப்படி ஆயிற்று என்றேன்.

"உங்களால இல்ல. எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் அவர். போன வருஷம் ஒருநாள் போர்வை எடுக்கத் திறந்தபோது கீழ்த்தட்டில் மண் ஏறியிருப்பதைப் பார்த்தாராம். பூட்டிவிட்டுச் சாவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாராம்.

"சொன்னா அம்ம எல்லாத்தையும் வெயில்ல காயப்போட்டுத் திரும்பவும் அடுக்கி வைப்பா. அதான், கரையான் பையப் பையத் தின்னுட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றும் சொன்னார்.

அந்த நிமிஷம்வரை அவரைப் பார்த்து உள்ளுக்குள் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பரிதாபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் அண்ணாச்சியே போன் செய்தார். நாங்கள் கேட்பதற்கு முன்னால் தானே விலையைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். என் கணவர் உடனே சரி என்றார். பக்கத்தில் நின்ற எனக்கும், நம் கடன் கொஞ்சம் குறையும் என்றுதான் முதலில் தோன்றியது.

பத்திரப்பதிவு அன்று, சார்பதிவாளர் அலுவலக பெஞ்சில் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார்:

"பிள்ளைக்குன்னு சேத்தத நான் கவனிக்காம மண்ணாக்கிட்டேன் பாருங்க. அவ ஒரு வார்த்த கேக்கல. கேட்டு ஏசியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். அவ மொகத்தப் பாக்க முடியல எனக்கு."

மகள் கொஞ்சம் தள்ளி, படிக்கட்டு ஓரமாக நின்றிருந்தார். அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மா பக்கம் திரும்பினேன்.

"விடுங்கம்மா. கரையான் யாருக்கும் தெரியாமத்தான வருது" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னை நல்ல பிள்ளை என்று சொல்லி, கையெழுத்துக்கு எங்களைக் கூப்பிடும்வரை விடவே இல்லை.